ஏழு மணிக்கு வராவிட்டால் தேடுவார்கள்: சீனாவின் சதுக்க நடனம், ஒரு நிகழ்வு ஆய்வு

கிழக்குச் சீனாவின் வென்ஜோ நகரத்தில் 2014 மார்ச் இறுதியில் ஒரு விநோதமான சண்டை நடந்தது. நகர மையத்தில் ஒரு சதுக்கம். அதை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து 2,60,000 யுவான் செலவழித்து ஒலிபெருக்கிகள் வாங்கினார்கள். அன்றைய மதிப்பில் அது சுமார் 25 லட்சம் ரூபாய். அவற்றைச் சதுக்கத்தைப் பார்த்துத் திருப்பிவைத்து, "ஒலி மாசுத் தடுப்புச் சட்டத்தை மதியுங்கள், சட்டமீறலை உடனே நிறுத்துங்கள்" என்று ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்ப அலறவிட்டார்கள். கீழே கூடியிருந்தவர்கள் ரவுடிகள் கிடையாது. சாயங்காலம் பாட்டுப் போட்டு ஆட வந்த ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். கடைசியில் அதிகாரிகள் நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் பேச வேண்டியதாயிற்று.

இதைச் சீனப் பத்திரிகைகள் சத்தத் தகராறாக எழுதின. சத்தத் தகராறுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முதுமையைப் பற்றி யோசிப்பவர்களுக்கு வேறொரு கேள்வி எழும். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் திட்டியும், மேலிருந்து ஒலிபெருக்கி அலறியும், மறுநாளும் அதே இடத்துக்கு வந்து நிற்க வைக்கிற அளவுக்கு அந்தப் பெண்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது? உடற்பயிற்சிதான் என்றால் வீட்டு மாடியிலேயே செய்துவிட்டுப் போகலாமே.

குவாங்சாங் வூ என்று சீனர்கள் சொல்லும் இந்தச் சதுக்க நடனத்தில் சுமார் 10 கோடிப் பேர் சேர்ந்திருப்பதாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. மைதானத்தில் யாரும் தலை எண்ணிச் சொன்ன கணக்காகத் தெரியவில்லை, அதனால் இதைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொள்வது நல்லது. ஆனால் பின்னணிக் கணக்கு திட்டவட்டமானது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் 26.4 கோடி. 2024 முடிவில் அது 31 கோடியைத் தாண்டிவிட்டது, மொத்த மக்கள்தொகையில் 22 சதவீதம்.

ஆடுகிறவர்கள் யார்

இந்தப் பெண்களை "தாமா" என்பார்கள். பெரியம்மா என்பது போன்ற மரியாதைச் சொல்தான், இணையத்தில் கேலியாகவும் புழங்கும். 2010களில் சதுக்கங்களை நிரப்பிய தாமாக்கள் பெரும்பாலும் 1950களிலும் அதை ஒட்டியும் பிறந்தவர்கள். அவர்கள் வாழ்க்கையைப் பார்த்தால் நடனம் ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது என்பது புரியும்.

1951 இறுதியில் சீனாவில் வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. வானொலியில் இசையும் எண்ணிக்கையும் வரும், பள்ளியிலும் தொழிற்சாலையிலும் எல்லாரும் வரிசையாக நின்று ஒன்றாகக் கையைத் தூக்கி இறக்குவார்கள். இந்தத் தலைமுறை அதிலேயே வளர்ந்தது. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் மாவோவுக்கு விசுவாசம் காட்டும் கூட்டு நடனங்கள் வந்தன. படித்த நகரத்து இளைஞர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், இவர்களில் பலரும் அதில் உண்டு. திரும்பி வந்து அரசுத் தொழிற்சாலையில் சேர்ந்தார்கள். அந்த வேலையிடம் சம்பளம் மட்டும் தருவதில்லை. வீடு, மருத்துவமனை, குழந்தைக் காப்பகம், சாப்பாட்டுக்கூடம், சினிமா எல்லாம் அங்கேதான். சில இடங்களில் கல்யாணத்துக்கே அதன் சம்மதக் கடிதம் வேண்டும்.

1990களின் இரண்டாம் பாதியில் அது கலைந்தது. அரசு நிறுவனங்கள் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பின. பெண்களை முதலில் அனுப்பினார்கள். தப்பியவர்களுக்கும் ஓய்வு வயது 50, அலுவலகப் பதவியில் இருந்தால் 55. ஒற்றைப் பிள்ளைக் கொள்கையில் பெற்ற ஒரே பிள்ளை படிக்கவோ வேலைக்கோ வெளியூர் போய்விட்டது. இன்னும் முப்பது ஆண்டு ஆயுசு மிச்சம் இருக்கிறது, ஆனால் காலையில் எழுந்தால் இன்ன இடத்துக்கு இன்ன நேரத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பென்ஷன் வரும் வீட்டிலும் இந்த வெறுமை உண்டு. காசு இல்லாமல் வந்த குறை என்றால் காசு கொடுத்துச் சரிசெய்துவிடலாம். இது அந்த வகை இல்லை.

சீன மரபு முதுமைக்கென்று வைத்திருக்கும் சித்திரம் பேரன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் நிறைவாக உட்கார்ந்திருப்பது. நாட்டின் சட்டமோ கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தது. 1996இல் வந்த முதியோர் உரிமைச் சட்டம் முதுமைக்கு ஐந்து இலக்குகளைச் சொல்கிறது: பராமரிப்பு, மருத்துவம், செய்வதற்கு ஒன்று, கற்பதற்கு ஒன்று, மகிழ்வதற்கு ஒன்று. முதல் இரண்டும் முதியவருக்குப் பிறர் செய்வது. மற்ற மூன்றும் முதியவரே இறங்கிச் செய்வது. நடைமுறையில் அந்த மூன்றுக்கு மலிவான ஏற்பாடாக அமைந்தது சதுக்கம்தான், அதுவும் அரசு திட்டம் போட்டு உண்டாக்கியது இல்லை.

ஒரு குழு எப்படி நடக்கிறது

சீனாவில் இரவுச் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும். பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு ஏழு மணிக்கெல்லாம் சதுக்கத்தில் இருப்பார்கள். ஒரு குழுவுக்கு ஒரு தலைவி. சக்கரம் வைத்த ஸ்பீக்கரை வீட்டிலிருந்து இழுத்து வருவது, அதை மறக்காமல் சார்ஜில் போடுவது, பென்டிரைவில் புதுப்பாட்டு ஏற்றுவது, புது அசைவுகளை வீடியோ பார்த்து முதலில் தான் கற்றுக்கொள்வது என்று எல்லாம் அவர் தலையில். சில குழுக்களில் சிறிய சந்தா உண்டு, சிலவற்றில் அதுவும் கிடையாது. சந்தாக் கணக்கில் மனக்கசப்பு வந்து குழு இரண்டாக உடைந்து, இருபதடி தள்ளி இன்னொரு ஸ்பீக்கர் முளைப்பதும் உண்டு. அப்புறம் இரண்டு பக்கமும் போட்டிக்குச் சத்தத்தைக் கூட்டுவார்கள். அக்கம்பக்கத்தார் பாடு திண்டாட்டம்தான்.

வரிசை அமைப்பைக் கவனிக்க வேண்டும். அசைவுகள் நன்றாகத் தெரிந்தவர்கள் முன்வரிசை, ஓரளவு தெரிந்தவர்கள் நடுவில், புதியவர்கள் கடைசியில். தனியாகப் பாடம் எடுப்பது குறைவு. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். பின்வரிசையில் சேர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், விண்ணப்பம் இல்லை, சீருடை இல்லை. கூச்சமாக இருந்தால் ஓரமாக நின்று கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகலாம். தப்பாக ஆடினால் பின்னால் பார்க்க ஆளில்லை. கொஞ்ச காலத்தில் யாராவது பெயர் கேட்பார்கள், வீசாட் (வாட்ஸ்அப் போன்ற சீனச் செயலி) குழுவில் சேர்ப்பார்கள், ஒரே நிற டிஷர்ட் வாங்கும்போது அளவு கேட்பார்கள். நடுவரிசைக்கு வந்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அதன்பிறகு இரண்டு நாள் வரவில்லை என்றால் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று செய்தி வந்துவிடும். என் கணிப்பில் இந்த நிகழ்வின் மையம் இந்த விசாரிப்புதான். இவர்கள் வேலையிடத்தில் இழந்தது வருகைப் பதிவேடு, அதைத்தான் சதுக்கத்தில் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். நடனம் அதற்கு ஒரு சாக்கு, நல்ல சாக்கு.

பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரைவிட்டு மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ வந்தவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். சொந்த ஊர் விட்டுப் பிற ஊரில் வாழும் முதியோர் ஏறக்குறைய 1.8 கோடிப் பேர் என்று சில ஆண்டுகளுக்கு முன் கணக்குச் சொன்னார்கள். ஹுனான் கிராமத்துப் பாட்டி ஒருவர் ஷாங்காய்க்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது பாதிக்கு மேல் புரியாது. வட்டாரப் பேச்சு அவ்வளவு வித்தியாசம். அரசுச் சலுகைகளுக்கு அடிப்படையான குடும்பப் பதிவு சொந்த ஊரிலேயே இருப்பதால் மருத்துவக் காப்பீட்டுப் பணம் வாங்குவதும் வெகுகாலம் இழுபறியாகவே இருந்தது. மருமகளோடு ஒரே சமையலறை வேறு. இவருக்குப் புது ஊரில் வாயைத் திறக்காமலே சேரக்கூடிய ஒரே கூட்டம் பின்வரிசைதான். பேச்சு பிறகு தானாக வரும்.

சான்று எவ்வளவு தூரம் போகும்

ஆடினால் நீண்ட நாள் வாழலாம் என்று எழுதிவிடுவது சுலபம். சான்று அவ்வளவு தூரம் போகாது. 1998இலிருந்து நடக்கும் சீன நெடுங்கால ஆயுள் ஆய்வு 80, 90, 100 வயதுக்காரர்களை அவர்கள் வீட்டிலேயே போய்த் திரும்பத் திரும்பக் கேட்டுப் பதிவு செய்கிறது. அந்தத் தரவை வைத்து வந்த ஆய்வுகள் பலவற்றில், கூட்டத்தோடு கலந்து வாழ்கிறவர்களுக்கு இறப்பு வாய்ப்பும் நினைவுத் தடுமாற்றமும் குறைவாக இருப்பது தெரிகிறது. ஆனால் முழங்கால் நன்றாக இருக்கிறவர்தான் சதுக்கத்துக்கு வருவார். மனம் சோர்ந்தவர் படி இறங்கவே மாட்டார். ஆரோக்கியத்தால் ஆடுகிறார்களா, ஆடுவதால் ஆரோக்கியமா என்று பிரிப்பது கஷ்டம். தினமும் சிமெண்ட் தரையில் குதித்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதைவிடச் சுவாரசியமான தகவல், நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காய்களை வைத்து ஆடும் மாஜாங் ஆட்டத்திலிருந்து வருகிறது. 45 வயதைத் தாண்டிய சுமார் 11,000 சீனர்களின் தரவை ஆராய்ந்து 2019இல் வந்த ஓர் ஆய்வு, நகரங்களில் மாஜாங் ஆடுகிறவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருப்பதைக் கண்டது. கிராமங்களில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. கிராமத்து மேசையில் பணம் வைத்து ஆடும் வேகம் கூடுதலாக இருப்பது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள். அதே நான்கு பேர், அதே காய்கள், ஆனால் தோற்றவர் மனக்கசப்போடு வீட்டுக்குப் போகிறார். ஆக, கூடி உட்கார்ந்தாலே நன்மை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த விதிகளின் கீழ் கூடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சதுக்கத்தின் பின்வரிசையில் யாரும் தோற்பதில்லை.

முதியோர் பல்கலைக்கழகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஷான்தோங் மாகாணத்தின் ஜினான் நகரில் 1983இல் முதலாவது தொடங்கியது, இன்று நாடு முழுக்கப் பல்லாயிரம். கையெழுத்துக் கலை, ஓவியம், பியானோ, ஸ்மார்ட்போன் பயன்பாடு என்று வகுப்புகள். பெரிய நகரங்களில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. காரணம், படிப்பு முடிந்தும் பழைய மாணவர்கள் போக மாட்டேன் என்கிறார்கள். வேறு பாடத்தில் பெயர் கொடுத்துவிட்டு அதே தோழிகளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கேயும் பாடத்தைவிடப் பெஞ்சுதான் முக்கியம். வித்தியாசம் ஒன்றுதான்: பெஞ்சில் இடம் குறைவு, சதுக்கத்தில் பின்வரிசைக்கு முடிவில்லை.

அரசு வேறு வழியும் பார்த்தது. முதியோர் உரிமைச் சட்டத்துக்கு 2013 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த திருத்தம், தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் அல்லது விசாரிக்க வேண்டும் என்றது. அதே நாளில் வூஷி நகர நீதிமன்றம், 77 வயதுத் தாயை மகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் கோர்ட்டு உத்தரவோடு வரும் மகள் அந்த வீட்டில் என்ன பேசுவார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்? தினமும் ஏழு மணிக்கு எதிர்பார்க்கும் முப்பது பேரோடு அதை ஒப்பிடவே முடியாது.

சண்டை எதைப் பற்றி

வென்ஜோ தனிச் சம்பவம் இல்லை. 2013 ஆகஸ்டில் பெய்ஜிங்கின் சாங்பிங் பகுதியில் 56 வயதுக்காரர் ஒருவர் சத்தம் தாங்காமல் வேட்டைத் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டு, தன்னுடைய மூன்று திபெத்திய மாஸ்டிஃப் நாய்களை ஆடுகிறவர்கள் மேல் அவிழ்த்துவிட்டார். அவருக்கு ஆறு மாதச் சிறை கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வூஹானில் மாடியிலிருந்து மலத்தையே கொட்டினார்கள். 2017இல் லுவோயாங் பூங்காவின் கூடைப்பந்து மைதானத்தில் விளையாட வந்த இளைஞர்களும் ஆட வந்த முதியவர்களும் கைகலந்தார்கள், வீடியோ நாடெங்கும் சுற்றியது. பொதுவாக எல்லாரும் இளைஞர் பக்கம் நின்றார்கள்.

குடியிருப்புக்காரர்களை வில்லனாக்கிவிட முடியாது. குடியிருப்புப் பகுதிக்குச் சீன விதிப்படி பகல் வரம்பு 55 டெசிபெல். முப்பது பேருக்குக் கேட்க வைக்கும் ஸ்பீக்கர் அதைச் சாதாரணமாகத் தாண்டும். குழந்தை தூங்க வேண்டும், பையன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். ஜூனில் தேர்வு நாட்களில் பல குழுக்கள் தாங்களாகவே பாட்டை நிறுத்திவிடுகின்றன. பேரன் படிப்பு என்றால் பாட்டியும் அடங்குவார்.

ஆழத்தில் இருப்பது இடத் தகராறு. பழைய தொழிற்சாலை வளாகங்களை இடித்து வணிக வளாகமும் கோபுரங்களும் கட்டிவிட்டார்கள். அந்த வளாகங்களின் முற்றத்தில் ஒருகாலத்தில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மிச்சம் இருப்பது கடைவாசல், மேம்பாலத்தின் அடி, வாகன நிறுத்துமிடம், பூங்காவின் ஒரு மூலை. புதிதாக வீடு வாங்கியவருக்கு அமைதி, காசு கொடுத்து வாங்கிய பொருள். தாமாவுக்கோ அது பொது இடம், பொது இடத்தில் கூட்டமும் சத்தமும் இருப்பதுதான் இயல்பு. சண்டைக்கு அடியில் கிடப்பது இந்த இரண்டு சீனாக்களும்தான்.

எது எடுபட்டது, எது எடுபடவில்லை

முதல் முயற்சி படுதோல்வி. 2015 மார்ச்சில் அரசின் விளையாட்டு நிர்வாகமும் கலாச்சார அமைச்சகமும் நிபுணர்களை வைத்து 12 நடன அமைப்புகளை வெளியிட்டன. இவற்றைத்தான் நாடெங்கும் ஆட வேண்டும் என்பதுபோலச் செய்தி பரவியதும் கேலி கிளம்பியது. எதை ஆட வேண்டும் என்று மேலிருந்து சொல்லிக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது, இந்த வயதில் இன்னொரு தடவை அதைக் கேட்கத் தயாராக இல்லை. சில நாளிலேயே இது பரிந்துரை மட்டும்தான், கட்டாயம் இல்லை என்று விளக்கம் வந்தது. அசைவுகளில் ஒருநாளும் பிரச்சினை இருந்ததில்லை. அதிகாரிகள் தங்களுக்குத் தெரிந்த மருந்தைக் கொடுத்தார்கள், நோய் வேறு இடத்தில் இருந்தது.

அடுத்து வந்தது தடை. விளையாட்டு நிர்வாகத்தின் 2017 நவம்பர் அறிவிப்பு தியாகிகள் கல்லறை போன்ற இடங்களில் ஆடக் கூடாது, மற்ற விளையாட்டுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று கோடு போட்டது. கூடவே இடம் ஏற்படுத்தித் தரச் சொல்லி உள்ளூர் நிர்வாகங்களையும் கேட்டுக்கொண்டது. இந்த இரண்டாம் பாதிதான் வேலை செய்யக்கூடிய பாதி.

2022 ஜூன் 5 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட ஒலி மாசுச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது. ஒரு பொது இடத்தை யார் நிர்வகிக்கிறாரோ அவர் ஆடும் பகுதி, நேரம், ஒலியளவு மூன்றையும் வரையறுக்க வேண்டும். டெசிபெல் காட்டும் பலகை வைக்கலாம். மீறுகிறவரிடம் முதலில் பேசிப் பார்க்க வேண்டும், கேட்காவிட்டால் எச்சரிக்கை, தனிநபருக்கு 200 முதல் 1,000 யுவான் வரை அபராதம். தொகை சிறியது. சட்டத்தின் பலம் அபராதத்தில் இல்லை, இந்த இடத்துக்கு இவர் பொறுப்பு என்று ஓர் ஆளைக் காட்டியதில் இருக்கிறது. முன்பெல்லாம் போலீஸ், நகர நிர்வாகம், பூங்கா அலுவலகம் என்று புகார் பந்தாடப்படும். ஒலியை ஒரே திசையில் பாய்ச்சும் ஸ்பீக்கர்களும் இதே காலத்தில் பூங்காக்களுக்கு வந்தன. ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடும் குழுக்களும் உண்டு. ஆனால் வழியில் போகிறவர் பாட்டைக் கேட்டு நின்று பின்வரிசையில் சேர்வது ஹெட்போன் குழுவில் நடக்காது. புதுமுகம் வருவது நின்றால் எந்தக் குழுவும் பத்து ஆண்டில் தானாக முடிந்துவிடும்.

வெளியே நிற்பவர்கள்

சதுக்கத்தில் ஆண்கள் அபூர்வம். அவர்கள் பூங்கா ஓரத்தில் சீனச் சதுரங்கப் பலகையைச் சுற்றி நிற்கிறார்கள், ஈரத்தூரிகையால் கல்தரையில் எழுத்து எழுதுகிறார்கள், கூண்டோடு பறவையைக் கொண்டுவந்து மரத்தில் மாட்டுகிறார்கள், தைச்சி என்ற மெதுவான அசைவுப் பயிற்சி செய்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குகளே. ஆனால் சதுரங்கத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒருவர் வரவில்லை என்றால் ஆட்டம் நிற்காது, சட்டென்று யாரும் தேடவும் மாட்டார்கள். மனைவியை இழந்த ஆண்களின் தனிமையைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

நடக்க முடியாதவர்கள் அடுத்தது. பழைய குடியிருப்புகள் பல ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. ஐந்தாவது மாடியில் இருப்பவருக்கு முழங்கால் போனால் சதுக்கமும் போயிற்று. அண்மை ஆண்டுகளில் பழைய கட்டடங்களுக்கு வெளிப்புற லிஃப்ட் வைக்கும் வேலை பல நகரங்களில் நடக்கிறது. ஆனால் கீழ்த்தளத்துக்காரர்கள் வெளிச்சம் மறைகிறது என்று எதிர்ப்பார்கள், கட்டடத்துக்குக் கட்டடம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியிருக்கிறது. முதியோரைச் சமூகத்தோடு சேர்க்கிறோம் என்று திட்டம் போடுகிறவர்கள் நடன வகுப்பைவிட இந்த லிஃப்டுக்குப் பணம் ஒதுக்கினால் பலன் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் தலைவிகள். ஸ்பீக்கரை இழுத்துவரத் தெம்பும், வீடியோ பார்த்துப் புது அசைவு கற்கும் பொறுமையும், சந்தாச் சண்டையைத் தீர்க்கும் வாய்ச் சாமர்த்தியமும் உள்ளவர் 50, 55இல் ஓய்வு பெற்றுப் புதிதாகச் சும்மா இருக்கும் பெண்தான். 70 வயதுக்காரர்கள் ஆட வருவார்கள், குழு நடத்தும் பாரத்தைத் தூக்க மாட்டார்கள். 2024 செப்டம்பரில் சீனா ஓய்வு வயதை உயர்த்த முடிவெடுத்தது. 2025 ஜனவரியிலிருந்து 15 ஆண்டுகளில் படிப்படியாகப் பெண் தொழிலாளர்களுக்கு 50இலிருந்து 55, அலுவலகப் பதவியில் உள்ள பெண்களுக்கு 55இலிருந்து 58, ஆண்களுக்கு 60இலிருந்து 63. ஓய்வூதிய நிதியின் கணக்கில் இதற்கு நியாயம் இருக்கிறது. சதுக்கத்தின் கணக்கிலோ, தலைவி ஆகக்கூடிய பெண்களின் மிகத் தெம்பான சில ஆண்டுகள் வேலையிடத்துக்கே திரும்பிப் போகின்றன. அந்த இடத்தில் யார் ஸ்பீக்கரை இழுத்து வருவார்கள் என்று எந்த அமைச்சகத்தின் திட்டத்திலும் நான் பார்க்கவில்லை.